வானிலையும் தானியச் சந்தையும்

உக்ரேன் நாட்டு வயல்களிலே ஒரு குளிர்காலத்தில் வெண்பனி போதிய அளவு விழவில்லை என்பதனால், இலங்கையின் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டமொன்றிலே ஒரு குடும்பத்தின் இரவுச் சாப்பாடு குறைதல் கூடுமா? கேட்ட மாத்திரத்தில் இவ்வினா விந்தையாகத் தோன்றும். உக்ரேன் எங்கே, ஊவா எங்கே? அங்கே விழாத பனிக்கும் இங்கே சுடப்படாத ரொட்டிக்கும் தொடர்பு ஏது? ஆயினும், 1972ஆம் ஆண்டிலிருந்து 1974ஆம் ஆண்டு வரையில் உலகில் நிகழ்ந்தவற்றை வரிசைப்படுத்திப் பார்ப்போருக்கு அத்தொடர்பு தெளிவாகப் புலப்படும். வானிலை பயிரைத் தாக்குகின்றது. பயிரின் குறை ஏற்றுமதிச் சந்தையைத் தாக்குகின்றது. சந்தை விலையை உயர்த்துகின்றது. உயர்ந்த விலையோ, தன் உணவைப் பிற நாட்டிலிருந்து வாங்கியுண்ணும் ஏழையின் அடுப்பங்கரையில் வந்து முடிகின்றது. இச்சங்கிலியின் கண்ணிகளை ஒவ்வொன்றாக ஆராய்வது, நாள்தோறும் பாணும் சோறும் உண்ணும் எவருக்கும் பயன்தருவதாகும்.

முதலில் அறியவேண்டிய உண்மை ஒன்றுண்டு. உலகில் விளையும் தானியத்தின் பெரும்பகுதி உலகச் சந்தைக்கு வருவதேயில்லை. அது விளைந்த நாட்டிலேயே உண்ணப்படுகின்றது. அல்லது அந்நாட்டுக் கால்நடைகளுக்கும் கோழிகளுக்கும் தீனியாகின்றது. அரிசியில் ஏறக்குறையப் பத்திலொரு பங்கே நாடுவிட்டு நாடு செல்கின்றது. கோதுமையில் ஏறக்குறைய நாலிலொரு பங்கு அவ்வாறு செல்கின்றது. அப்பங்கினையும் பேரளவில் விற்கும் நாடுகள் மிகச் சிலவே. அமெரிக்க ஐக்கிய நாடு, கனடா, அவுஸ்திரேலியா, ஆர்ஜென்டீனா, பிரான்சு என்பன நெடுங்காலமாகக் கோதுமை விற்று வந்தவை. இன்று ரஷ்யாவும் உக்ரேனும் அவற்றோடு முன்வரிசையில் நிற்கின்றன. வாங்கும் நாடுகளோ மிகப் பல. விற்போர் சிலராகவும் வாங்குவோர் பலராகவும், விற்பனைக்கு வரும் பொருள் விளைச்சலின் ஒரு சிறு பங்காகவும் இருக்கும் சந்தையில், வானத்தின் சிறு மாற்றங்கூடப் பேரலையை எழுப்பிவிடும்.

அது எவ்வாறு என்பதை விளங்கிக்கொள்ள, வன்னியிலுள்ள ஒரு கமக்காரனை எண்ணிக்கொள்ளலாம். நல்ல ஆண்டிலே அவனுடைய வயலில் 20 மூட்டை நெல் விளைகின்றது. வீட்டுச் சாப்பாட்டுக்கும் விதைநெல்லுக்குமாக 18 மூட்டை வேண்டும். எஞ்சிய 2 மூட்டையை அவன் சந்தைக்குக் கொண்டு செல்கின்றான். மறு ஆண்டு மழை சற்றே பிழைத்து 19 மூட்டை விளைகின்றது. விளைச்சலில் நேர்ந்த குறை இருபதில் ஒன்றுதான். ஆனால், அவன் வீட்டிலே உண்ணும் வாய்கள் குறைந்துவிடவில்லை. ஆதலால் 18 மூட்டையை முன்போல் எடுத்து வைத்துக்கொண்டு, ஒரு மூட்டையை மட்டுமே விற்பான். வயலில் இருபதில் ஒன்றாக இருந்த குறை, சந்தைக்கு வந்தபோது பாதியாகிவிட்டது. 18 மூட்டையே விளைந்தால் அவன் சந்தைப் பக்கம் வரவே மாட்டான். 17 மூட்டை விளைந்த ஆண்டிலோ, நேற்று வரையில் விற்பவனாக வந்தவன் இன்று வாங்குபவனாக வந்து நிற்பான். நாடுகளும் இக்கமக்காரனைப் போன்றவையே. தம் மக்களின் தேவைக்கு முதலில் எடுத்து வைத்துக்கொண்டு, மிஞ்சியதையே அவை பிறருக்கு விற்கின்றன. வானிலையின் தாக்கம் முழுவதும் அந்த மிச்சத்தின்மீதே விழுகின்றது.

இனி வாங்குவோர் பக்கத்தை நோக்கலாம். சேலையின் விலை ஏறினால், அதை வாங்குவதை அடுத்த பொங்கலுக்குத் தள்ளிப்போடலாம். உணவை அவ்வாறு தள்ளிப்போட இயலாது. விலை ஏறிய பின்பும் மக்கள் முன்போலவே வாங்க முயல்வர். அம்முயற்சியே விலையை மேலும் ஏற்றும். இதனைப் பொருளியலார் நெகிழ்ச்சியற்ற கேள்வி என்பர். 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் வாழ்ந்த கிறகரி கிங் என்பவருடையதெனக் கருதப்படும் ஒரு கணக்கினை, சாள்ஸ் டேவனன்ற் என்பார் 1699இல் வெளியிட்ட நூலிலே காணலாம். விளைச்சல் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் விலை பத்தில் மூன்று பங்கு ஏறும். பத்தில் இரண்டு பங்கு குறைந்தால் எட்டுப் பங்கு ஏறும். சரிபாதி குறைந்தாலோ, வழக்கமான விலைக்கு மேல் அதன் நாலரை மடங்கு ஏறும் என்பது அக்கணக்கு. எண்கள் காலத்துக்குக் காலம் மாறலாம். ஆயினும் குறை சிறிதாயினும் ஏற்றம் பெரிதாகும் என்ற உண்மை மாறவில்லை.

இவ்வேற்றத்தைத் தடுக்கக்கூடியது ஒன்றே. அதுதான் முன்னாண்டு விளைச்சலிலிருந்து எஞ்சிப் பண்டசாலைகளில் கிடக்கும் இருப்பு. பண்டசாலை நிறைந்திருந்தால் ஒரு வரட்சி வந்துபோனதையே சந்தை உணராது. பண்டசாலை வெறுமையாக இருக்கும்போது சிறு வரட்சியும் கொடுமையாக உறைக்கும். ஆதலால் வானத்தை மட்டும் பார்த்து விலையைக் கூற முடியாது. வானத்தையும் பண்டசாலையையும் சேர்த்துப் பார்த்தல் வேண்டும்.

வானிலை பயிரைத் தாக்கும் வகையும் பயிருக்குப் பயிர் வேறுபடும். மாரிக் கோதுமை எனப்படுவது, குளிர்காலம் தொடங்குமுன் விதைக்கப்பட்டு, முளைத்து, குளிர்காலம் முழுவதும் உறங்கிக் கிடந்து, வசந்தத்தில் மீண்டும் எழுந்து வளரும் பயிர். அவ்வுறக்கத்திலே அதனைக் காப்பது வெண்பனியே. பனி பயிரைக் கொல்லும் என்று வெப்ப நாட்டார் எண்ணுவர். உண்மையில், நிலத்தின்மேல் தடித்துப் படிந்த வெண்பனி ஒரு கம்பளிப் போர்வை போன்றது. மேலே கடுங்குளிர் வீசினும் கீழேயுள்ள வேரை அது காத்துக்கொள்ளும். போர்வை இல்லாத ஆண்டில் வெறுநிலத்தின்மீது கடுங்குளிர் இறங்கினால், பயிர் உறக்கத்திலேயே மடிந்துபோகும். சோளத்தின் நிலை வேறு. அமெரிக்காவின் அயோவா, இலினோய் ஆகிய மாநிலங்களில் யூலை மாதத்தில் சோளம் பூக்கும். பொத்தியின் நுனியில் பட்டிழை போன்ற நூல்கள் தொங்கும். ஓர் இழைக்கு ஒரு மணி என்பது இயற்கையின் கணக்கு. உச்சியிலுள்ள பூவின் மகரந்தம் இழையிற் படிந்தாலன்றி மணி திரளாது. அந்தச் சில நாட்களில் வெப்பக் காற்று வீசி மழை பொய்த்தால், இழைகள் உலர்ந்து பொத்தி பொக்கையாகிவிடும். பின்னர் எவ்வளவு மழை பெய்தாலும் இழந்த மணிகள் திரும்பி வரமாட்டா.

இதனாலேயே சிக்காகோ நகரத்துத் தானிய வணிகர்கள் கோடைகாலத்தில் வானத்தை ஓயாது நோக்கியிருப்பர். அந்நகரத்து வாணிபச் சபை 1848இல் நிறுவப்பட்டது. அங்கே கைமாறுவது பெரும்பாலும் கண்முன் உள்ள தானியமன்று. இனிமேல் வரப்போகும் தானியம். வருங்காலத்தில் ஒரு குறித்த மாதத்தில் ஒப்படைக்கவேண்டிய தானியத்துக்கு இன்றே விலை பேசி முடிப்பது முன்பேர ஒப்பந்தம் எனப்படும். ஓர் ஒப்பந்தம் 5,000 புசலுக்குரியது. ஒரு புசல் கோதுமை 60 இறாத்தல் நிறையுடையது. விளையாத தானியத்துக்கு விலை கூற வேண்டுமானால், அது எவ்வளவு விளையும் என்பதையும் எத்தனை பேர் வாங்க வருவர் என்பதையும் முன்கூட்டியே மதிக்க வேண்டும். ஆகவே அச்சந்தையின் இரு கண்களாக விளங்குபவை இரண்டு செய்திகளே: வானிலைச் செய்தி ஒன்று, வெளிநாட்டார் எவ்வளவு வாங்குகின்றனர் என்னும் ஏற்றுமதிச் செய்தி மற்றொன்று. சனி, ஞாயிறு இரு நாளும் சோள வயல்களில் நல்ல மழை பெய்தால் திங்கட்கிழமை விலை விழுதலும், வெளிநாட்டுக் கொள்வனவு ஒன்று வெளியானால் விலை எழுதலும் அங்கே வழக்கம்.

கமக்காரனுக்கு இதிலே ஒரு முரண்பாடு உண்டு. நல்ல மழை பெய்தால் அவனுடைய களஞ்சியம் நிறையும். ஆனால் எல்லாருடைய களஞ்சியமும் நிறைந்துவிடுவதால் விலை விழும். மழை பொய்த்தால் விலை ஏறும். ஆனால் விற்பதற்கு அவனிடம் ஒன்றும் இராது. விலையேற்றத்தால் உண்மையில் வாழ்பவன், பிறருடைய வயலில் மழை பொய்த்த ஆண்டிலே தன் வயலில் மழை பெறுபவனே. அவனும் விற்கும் முன்பே அச்செய்தியை அறிந்திருத்தல் வேண்டும். அறியாமல் விற்றுவிட்டால், மழையின் பயன் அவனுக்குச் சேராது. 1972ஆம் ஆண்டின் வரலாறு இதற்குச் சான்றாக நிற்கின்றது.

அவ்வாண்டுக்கு முந்திய காலத்தில் உலகத்தார் தானியப் பஞ்சத்தைப் பற்றி அதிகம் கவலை கொள்ளவில்லை. அமெரிக்காவின் பண்டசாலைகளில் கோதுமை நிறைந்து கிடந்தது. அதை வைத்துக் காப்பதே சுமையென அந்நாட்டு அரசு கருதியது. விளைச்சலைக் குறைப்பதற்காக, சுமார் 6 கோடி ஏக்கர் நிலத்தைத் தரிசாக விடுமாறு கமக்காரருக்குப் பணங்கொடுத்து வந்தது. வெளிநாட்டிலே கோதுமையை விற்பதற்காக ஏற்றுமதி விலையை ஒரு புசலுக்கு ஏறக்குறைய 1 டொலர் 63 சதமாக நிலைநிறுத்தி, உள்நாட்டு விலை அதற்கு மேற்பட்டால் அவ்வேறுபாட்டை ஏற்றுமதி நிறுவனங்களுக்கு மானியமாக அளித்தது. வாங்குவோரைத் தேடி விற்பவர் அலைந்த காலம் அது.

அந்நிலையில் 1971ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கிய குளிர்காலத்திலே, சோவியத்து ஒன்றியத்தின் மேற்குப் பகுதிகளில் வெண்பனி குறைவாக விழுந்தது; குளிரோ கடுமையாக இருந்தது. போர்வையற்ற மாரிக் கோதுமை பெருமளவில் மடிந்தது. அதன்பின் வந்த கோடையும் வரண்டு கொளுத்தியது. மொஸ்கோ நகரைச் சூழ்ந்த கரிச்சேற்று நிலங்கள் தீப்பற்றி எரிந்து, நகரமே புகையில் மூழ்கியது. முற்காலத்தில் இத்தகைய குறை நேர்ந்தபோது, அந்நாட்டு மக்கள் வயிற்றைக் கட்டிக்கொள்வர். கால்நடைகள் தீனியின்றிக் கொல்லப்படும். 1963இல் நேர்ந்த வரட்சியின்போது கனடா முதலிய நாடுகளிடமிருந்து கோதுமை வாங்கப்பட்டதும் உண்டு. 1972இலோ, மக்களுக்கு இறைச்சியும் பாலும் குறைவின்றிக் கிடைக்கச் செய்வது ஆட்சியாளரின் கொள்கையாகிவிட்டிருந்தது. எனவே கால்நடைகளைக் கொல்லாமல், குறைந்த தானியத்தை வெளிநாட்டிலே வாங்குவதென அவர்கள் முடிவு செய்தனர். வானம் செய்த குறையை வெளிநாட்டுச் சந்தைக்கு மாற்றிவிடும் முடிவு அது.

1972 யூலை 8ஆம் நாள், மூன்று ஆண்டுகளில் 75 கோடி டொலர் பெறுமதியான தானியத்தைச் சோவியத்து ஒன்றியம் அமெரிக்காவிடமிருந்து கடன் வசதியுடன் வாங்கும் என்னும் உடன்பாட்டை அமெரிக்க அரசு அறிவித்தது. மூன்று ஆண்டுகளுக்கு இது நல்ல வணிகமென எல்லாரும் எண்ணினர். ஆனால் மொஸ்கோவிலிருந்து வந்த கொள்வனவாளர்கள் அதற்கு முன்னரே அமெரிக்காவில் இறங்கிவிட்டனர். கொன்டினென்டல், கார்கில் முதலிய பெரிய ஏற்றுமதி நிறுவனங்களை அவர்கள் தனித்தனியே சந்தித்துப் பேசினர். ஒவ்வொரு நிறுவனமும் தன் விற்பனையை இரகசியமாக வைத்துக்கொண்டது. பிற நிறுவனங்கள் எவ்வளவு விற்றன என்பதை எந்நிறுவனமும் அறியவில்லை. மொத்தக் கணக்கை அறிந்தவர் வாங்கியவர் மட்டுமே. சில வாரங்களுக்குள் அவர்கள் வாங்கிய கோதுமை சுமார் 120 இலட்சம் தொன். அது அவ்வாண்டு அமெரிக்காவில் விளைந்த கோதுமையில் ஏறக்குறைய நாலிலொரு பங்கு. சோளம் முதலியவற்றையும் சேர்த்தால் தொகை இன்னும் பெரிது. வாங்கப்பட்ட கோதுமைக்கு அமெரிக்க அரசே மானியமும் வழங்கியது. அம்மானியத் தொகை சுமார் 30 கோடி டொலர் என்று கணக்கிடப்பட்டது. பொருள் இருக்கிறதென எண்ணி வாங்குவோனுக்குக் கையில் காசும் கொடுத்து அனுப்பிய கதையாயிற்று அது.

அமெரிக்காவிலேயே முதலில் அடிபட்டவர் தெற்கிலுள்ள கமக்காரர். டெக்சாஸ், ஒக்லகோமா ஆகிய மாநிலங்களில் கோதுமை அறுவடை யூன் மாதத்திலேயே நடைபெறும். அங்குள்ளோர் பலர், வெளிநாட்டில் நேர்ந்த குறையையும் நடைபெறும் கொள்வனவையும் அறியாமல், புசல் ஒன்றினை ஒன்றரை டொலருக்கும் குறைவாக விற்றுவிட்டனர். சில வாரங்களுக்குப் பின் அறுவடை செய்த வடக்கு மாநிலத்தார் கூடிய விலை பெற்றனர். ஒரே பயிர், ஒரே ஆண்டு. செய்தி வந்த நாள் ஒன்றே அவர்களுக்கிடையே வேறுபாடாயிற்று.

அவ்வாண்டு பிற இடங்களிலும் வானம் பகைத்தது. இந்தியாவில் பருவமழை பிழைத்தது. அவுஸ்திரேலியாவில் வரட்சி நிலவியது. பெரு நாட்டுக் கடலிலே நீர் வெப்பமடைந்து, கால்நடைத் தீனிக்கு மாவாக அரைக்கப்படும் நெத்தலி இன மீன்கள் அருகிப்போயின. அத்தீனிக்கு ஈடாக எல்லாரும் சோயா அவரையைத் தேடினர். எல் நினோ என வழங்கும் பசிபிக் கடலின் வெப்பமாற்றத்துக்கு இவற்றிலே பங்குண்டு. இவ்வளவும் சேர்ந்து 1972இல் உலகத் தானிய விளைச்சல் குறைந்த அளவு, ஏறக்குறைய நூற்றுக்கு மூன்று பங்கே. ஆனால் ஒன்றரை டொலர் அளவில் இருந்த கோதுமை விலை 1973 ஓகஸ்ட் மாதத்தில் ஐந்து டொலரைத் தாண்டியது. 1974இன் தொடக்கத்தில் ஆறு டொலரையும் தாண்டியது. வயலில் நூற்றுக்கு மூன்று. சந்தையில் மூன்று மடங்குக்கும் மேல். வன்னிக் கமக்காரனின் கணக்கு உலக அளவில் உண்மையான வகை இது.

விலை ஏறியதும் நாடுகளின் நடத்தை மாறியது. 1973 யூன் மாத இறுதியில் அமெரிக்க அரசு தன் மக்களுக்கு விலை ஏறாதிருக்கச் சோயா அவரை ஏற்றுமதியைத் திடீரென நிறுத்தியது. சோயாவைத் தன் அன்றாட உணவாகக் கொண்டு, அதனைப் பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்தே பெற்று வந்த யப்பான் திகைத்தது. தடை சில மாதங்களுள் நீங்கியது. ஆனால் அதன் நினைவு நீங்கவில்லை; யப்பான் பின்னர் பிரேசிலின் சோயா விளைச்சலுக்கு முதலீடு செய்து ஊக்கமளித்தது. குறையுள்ள காலத்தில் விற்பவன் கதவைச் சாத்துவான். சாத்திய கதவின் முன்னே நிற்போர் மேலும் கூடிய விலை தர முன்வருவர். இவ்வாறு அச்சம் தானே ஒரு வரட்சியைப்போல் வேலை செய்யும்.

அந்த அலை இலங்கையின் கரையையும் வந்தடைந்தது. கோதுமை இந்நாட்டில் விளைவதில்லை. பாணுக்கும் ரொட்டிக்கும் வேண்டிய மா முழுவதும் வெளியிலிருந்தே வரவேண்டும். அக்காலத்தில் அரிசியிலும் பெரும்பங்கு இறக்குமதியாயிற்று. உலகச் சந்தையில் அரிசியின் விலையும் 1972இலிருந்து 1974இற்குள் மூன்று மடங்குக்கு மேல் ஏறியது. 1973இன் இறுதியில் எண்ணெய் விலையும் ஏறவே, நாட்டின் அந்நியச் செலாவணி யானைப் பசிக்குச் சோளப்பொரி என்னும் நிலையை அடைந்தது. கூப்பன் அரிசியின் அளவு குறைக்கப்பட்டது. விடியுமுன்னே பாணுக்காக மக்கள் வரிசையில் நின்றனர். மரவள்ளியும் வற்றாளையும் சோற்றின் இடத்தைப் பிடித்தன.

அத்துன்பம் எல்லாரையும் ஒரே அளவில் தாக்கவில்லை. இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டமையால் யாழ்ப்பாணத்து மிளகாய், வெங்காயச் செய்கையாளருக்கு நல்ல விலை கிடைத்தது. விற்பதற்குப் பொருள் இருந்தவர்களுக்கு அது வளமான காலம். வயல் உடையவன் தன் நெல்லை உண்டான். காணித்துண்டு உடையவன் மரவள்ளியை நட்டான். தேயிலைத் தோட்டத்து லயங்களில் வாழ்ந்தோருக்கோ நிலமும் இல்லை, விற்பதற்குப் பொருளும் இல்லை. அவர்களின் அன்றாட உணவு கோதுமை மா ரொட்டியும் விலைக்கு வாங்கும் அரிசியுமே. மா வராதபோது அவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. 1974ஆம் ஆண்டில் இலங்கையின் இறப்பு வீதம் உயர்ந்தது. அவ்வுயர்வு தோட்டப் பகுதிகளிலேயே மிகக் கொடுமையாக இருந்தது. விழாத வெண்பனியிலிருந்து அவர்களின் மரணம் வரையில் ஒரே நேர்கோடு இழுத்துவிட முடியாது. எண்ணெய் விலையும் உள்நாட்டுக் கொள்கைகளும் இடையிலே உண்டு. எனினும் அச்சங்கிலியில் வானிலையும் ஏற்றுமதிச் சந்தையும் வலிய கண்ணிகளாக இருந்தன என்பதில் ஐயமில்லை.

இவ்வனுபவத்திலிருந்து உலகம் சிலவற்றைக் கற்றது. ஒரு புதிய சட்டத்தின்படி அமெரிக்க ஏற்றுமதியாளர் தம் விற்பனைகளை 1973இலிருந்து வாரந்தோறும் அரசுக்கு அறிவிக்கலாயினர். பின்னர் ஒரே நாளில் ஒரே நாட்டுக்கு ஒரு இலட்சம் தொன் அல்லது அதற்கு மேல் விற்றால், மறுநாளே அறிவிக்கவேண்டும் என்பது விதியாயிற்று. இன்றும் வியாழக்கிழமைதோறும் வெளிவரும் அவ்வறிக்கையைச் சந்தை எதிர்பார்த்திருக்கும். 1974 நவம்பரில் உரோமாபுரியில் உலக உணவு மாநாடு கூடியது. 1975இல் செய்யப்பட்ட உடன்பாட்டின்படி, சோவியத்து ஒன்றியம் ஆண்டுதோறும் குறைந்தது 60 இலட்சம் தொன் தானியம் வாங்குவதென்றும், 80 இலட்சம் தொன்னுக்கு மேல் வேண்டுமாயின் அமெரிக்க அரசைக் கலந்துகொள்வதென்றும் ஏற்பாடாயிற்று. திடீர்க் கேள்வியை முன்னறிந்த கேள்வியாக மாற்றுவதே அதன் நோக்கம்.

வானத்திலிருந்தே வயலைப் பார்க்கும் வழியும் பிறந்தது. இரகசியக் கொள்வனவு நடந்துகொண்டிருந்த அதே மாதத்தில், 1972 யூலை 23ஆம் நாள், பூமியின் நிலப்பரப்பைப் படம்பிடிக்கும் முதலாவது லான்ட்சற் செய்மதி ஏவப்பட்டது. 1974இலிருந்து அமெரிக்க அறிஞர்கள் அச்செய்மதிப் படங்களைக் கொண்டு பிற நாட்டுக் கோதுமைப் பயிரை மதிப்பிட முயன்றனர். 1977இல் சோவியத்துக் கோதுமை விளைச்சல் குறையும் என்பதை அவர்கள் முன்கூட்டியே கணித்தனர். ஒரு நாட்டின் வரட்சியை அந்நாடே மறைத்து வைத்திருக்கும் காலம் அதனோடு முடிவடையத் தொடங்கியது.

ஆயினும் செய்தி பரவுவதால் மட்டும் தானியம் பெருகிவிடாது. 2010இல் ரஷ்யாவில் மீண்டும் கடும் வரட்சி வந்தது. முன்னாண்டில் 970 இலட்சம் தொன்னாக இருந்த தானிய விளைச்சல் 610 இலட்சம் தொன் அளவுக்கு விழுந்தது. ஓகஸ்ட் 15ஆம் நாள் முதல் ஏற்றுமதி தடைசெய்யப்பட்டது. யூன் மாதத்திலிருந்து ஓகஸ்ட் தொடக்கம் வரையில் சிக்காகோவில் கோதுமை விலை ஏறக்குறைய இருமடங்காயிற்று. இம்முறை ரஷ்யா வாங்கும் நாடாக வரவில்லை. விற்கும் நாடாக இருந்து கதவைச் சாத்தியது. சந்தைக்கு இரண்டும் ஒன்றே. மறு ஆண்டு, பெரிய தானிய நாடுகள் தம் விளைச்சல், இருப்பு விபரங்களைப் பகிர்ந்துகொள்வதற்காக வேளாண் சந்தைத் தகவல் அமைப்பு ஒன்றை உரோமாபுரியில் நிறுவின. ஆனால் 2023 யூலை 20ஆம் நாள், மழையின் ஒழுங்கின்மையும் எல் நினோ பற்றிய அச்சமும் நிலவியவேளையில், உலக அரிசி ஏற்றுமதியில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கினை அளித்து வந்த இந்தியா, பாசுமதியல்லாத வெள்ளைப் பச்சரிசியின் ஏற்றுமதியை நிறுத்தியது. அடுத்த சில வாரங்களில் தாய்லாந்து அரிசியின் விலை 2008ஆம் ஆண்டு நெருக்கடிக்குப் பின் காணாத உயரத்தை எட்டியது. அத்தடை 2024 செப்டெம்பரிலேயே நீக்கப்பட்டது.

இவற்றையெல்லாம் ஒருங்குவைத்து நோக்கின் ஓர் உண்மை துலங்கும். உலகில் எவ்வளவு விளைந்தது என்பது விலையைத் தனியே தீர்மானிப்பதில்லை. எல்லாரும் தத்தமக்கு எடுத்து வைத்தபின் எவ்வளவு எஞ்சியது, அதை வாங்க எத்தனை பேர் வருகின்றனர், அச்செய்தியை முதலில் அறிந்தவர் யார் என்பவையே அதனைத் தீர்மானிக்கின்றன. மழையை எவரும் ஆணையிட்டுப் பெய்விக்க முடியாது. ஆனால் நல்ல ஆண்டிலே சிறிது சேமித்து வைப்பதும், ஒரே நாட்டையும் ஒரே தானியத்தையும் நம்பியிராமல் பல வழிகளை வைத்துக்கொள்வதும், குரக்கனும் சோளமும் கிழங்கும் விளையத்தக்க நிலத்தில் அவற்றை விளைவிப்பதும், உலகச் சந்தையின் செய்திகளைக் காலத்தோடு அறிவதும் மனிதர் கையில் உள்ளவை. எல்லாவற்றுக்கும் மேலாக, விலை ஏறும்போது நிலமும் பொருளும் அற்றவர்களின் பங்கினை முதலில் ஒதுக்கி வைப்பது ஓர் அரசின் கையில் உள்ளது. 1974இல் தோட்டத்து லயங்களில் அப்பங்கு ஒதுக்கப்பட்டிருந்தால், உக்ரேனிலே விழாத பனி அங்குள்ளோரை அவ்வளவு கொடுமையாக வாட்டியிராது.